ஆறாம் இடத்து எழுத்து: ஒரே குறியனைக் கொண்டு சடுதிமாற்றத்தை விளக்குதல்

சடுதிமாற்றம் (டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஏற்படும் மாற்றம்) என்னும் பாடத்தை நடத்தும்போது அதன் வகைகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நோயின் பெயரைக் கொடுத்து முடித்துவிடுவதே வகுப்பறைகளில் பெரும்பாலும் வழக்கம். மாணவர்களும் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அரிவாள் செல் சோகை நோயில், டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து மாறியதற்கு மூட்டு ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்டால் விடை வருவதில்லை. அதை விளக்கப் பல மரபணுக்கள் தேவையில்லை. ஒரே மரபணுவின் ஒரே குறியன் போதும் என்பது என் எண்ணம்.

நமது 11ஆம் குரோமோசோமில், ஆக்சிஜனைச் சுமக்கும் இரத்தப் புரதமான ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை உருவாக்கும் மரபணு இருக்கிறது. இச்சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. டி.என்.ஏ.வின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என நான்கு. அவற்றில் மூன்று எழுத்துகள் சேர்ந்தது ஒரு குறியன். ஒரு குறியன் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்துக் குறியன் ஜி-ஏ-ஜி. அது குறிப்பது குளுட்டாமிக் அமிலம்.

மூன்றெழுத்துச் சொல்லுக்குத் தமிழில் பஞ்சமில்லை. 'அறம்' என்பதை எடுத்துக்கொள்வோம். இதன் கடைசி எழுத்து மாறி 'அறன்' ஆனாலும் பொருள் மாறாது. இலக்கண வகுப்பில் இதைக் கடைப்போலி என்று படித்திருப்போம். ஜி-ஏ-ஜி என்பது ஜி-ஏ-ஏ ஆக மாறினாலும் அதே குளுட்டாமிக் அமிலமே கிடைக்கும். இதுவும் சடுதிமாற்றம்தான், ஆனால் புரதத்தில் எந்த மாற்றமும் இல்லை. நாம் ஒவ்வொருவரும் பெற்றோரிடம் இல்லாத சுமார் 60 முதல் 70 புதிய எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறோம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நமக்குத் தெரியாமலே நம்மோடு வாழ்ந்து முடிபவை. சடுதிமாற்றம் என்றாலே கேடு என்ற எண்ணத்தை முதல் நாளிலேயே களைந்துவிடுவது நல்லது.

முதல் எழுத்து மாறினால் 'அறம்' 'மறம்' ஆகிவிடும். அதுபோலவே ஏ-ஏ-ஜி என்று மாறிய குறியன் லைசினைக் கொண்டுவருகிறது. ஹீமோகுளோபின் சி எனப்படும் இந்த வகையை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்குப் பொதுவாக லேசான இரத்தசோகைதான் ஏற்படுகிறது. நடு எழுத்து மாறினால் 'அறம்' 'அரம்' ஆகும். ஜி-டி-ஜி ஆன குறியன் வாலினைக் கொண்டுவந்து, அரிவாள் செல் சோகைக்குக் காரணமாகிறது. அந்த நடு எழுத்து மாறாமல் அடியோடு விடுபட்டுப்போனாலோ நிலைமை வேறு. 'அறம் நிலம் கடல்' என்ற வரிசையில் 'ற' உதிர்ந்தபின் மூன்று மூன்றாகப் படித்தால் 'அம்நி லம்க டல்' என்று வரி முழுவதும் குலைந்துவிடுகிறதல்லவா? மரபணுவிலும் அவ்வாறே எல்லாக் குறியன்களும் இடம் பெயர்ந்து, 18ஆம் இடத்திலேயே ஒரு நிறுத்தக் குறியன் உருவாகிவிடுகிறது. 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட வேண்டிய சங்கிலி பதினேழோடு நின்றுபோகிறது. மத்தியதரைக்கடல் பகுதி மக்களிடம் அறியப்பட்டுள்ள இந்த மாற்றம் பீட்டா தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகைக்குக் காரணங்களுள் ஒன்று.

வாலினுக்கு வருவோம். குளுட்டாமிக் அமிலம் மின்னேற்றம் கொண்டது, நீரை நாடுவது. வாலின் நீரை விலக்குவது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் திசுக்களிடம் ஒப்படைத்தவுடன் அதன் வடிவம் சற்று மாறி, நீரை விலக்கும் சிறு குழிவு ஒன்று வெளிப்படுகிறது. அடுத்த மூலக்கூறின் வாலின் அந்தக் குழிவில் கச்சிதமாகப் பொருந்திக்கொள்ள, ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகள் உருவாகின்றன. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், இழைகள் திரண்டு அணுவையே அரிவாள்போல் வளைத்துவிடுகின்றன. விறைத்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கி அடைப்பதால்தான் எலும்பிலும் மூட்டிலும் தாங்கமுடியாத வலி வருகிறது. வழக்கமாக 120 நாள் வாழும் சிவப்பணு இங்கே 10 முதல் 20 நாளில் சிதைந்துவிடுவதால்தான் சோகை. ஓர் எழுத்திலிருந்து வலி வரையிலான பாதை இதுதான்.

இந்தப் பாதை தெளிவாக அரை நூற்றாண்டு ஆனது. சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் அரிவாள் வடிவ அணுக்களைப் பற்றி எழுதினார். நோயின் மூலம் ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்கிறது என்று வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு 1949இல் காட்டியது. வேறுபாடு ஒரே ஓர் அமினோ அமிலத்தில்தான் என்பதை வெர்னான் இன்கிராம் கேம்பிரிட்ஜில் 1950களின் நடுவில் கண்டறிந்தார்.

மாறிய மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர் கடத்தி. அவருக்குப் பொதுவாக நோய் இருப்பதில்லை. கடத்திகள் இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு நோய் வந்துவிட்டால் மற்ற மூன்றும் தப்பிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. கடத்திகளுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைப்பதை ஆண்டனி அலிசன் 1954இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்துக்காட்டினார். மலேரியா மிகுந்த நிலப்பகுதிகளில் இம்மாற்றம் தலைமுறைகளாக நிலைத்திருப்பதன் காரணம் இதுவே. இந்தியாவில் இப்பண்பு முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடையே, 1952இல். தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் இலக்கோடு 2023இல் தொடங்கியது.

நோயோடு பிறந்த குழந்தை முதல் சில மாதங்கள் நலமாகவே இருக்கும். கருப்பையில் உருவாகும் ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலிக்குப் பதிலாகக் காமா சங்கிலி இருப்பதும், அது படிப்படியாகவே குறைவதும் இதற்குக் காரணம். ஹைட்ராக்ஸியூரியா மருந்து இந்தக் கரு ஹீமோகுளோபினை ஓரளவு மீட்டுத் தருகிறது. 2023இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற, டி.என்.ஏ.வைத் திருத்தும் கிரிஸ்பர் சிகிச்சையும் ஆறாம் குறியனைத் தொடுவதில்லை. காமா சங்கிலியை அடக்கிவைக்கும் வேறொரு மரபணுவின் செயலை, எலும்பு மஜ்ஜைக்குரிய இரத்தக் குருத்தணுக்களில் மட்டும் தணிக்கிறது. எனவே சிகிச்சை பெற்றவரின் வலி நின்றாலும் அவருடைய விந்தணுவிலோ கருமுட்டையிலோ ஜி-டி-ஜி அப்படியே இருக்கிறது, பிள்ளைக்கும் செல்கிறது.