துப்பாக்கியின் பேரலை மாற்றுவதற்கு முன்னால்

போன மழைக்காலத்தில் ஒருவர் தன் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை, அதாவது பேரலின் பின்பக்கத்தை மூடும் போல்டைக் கையால் இழுத்துத் தள்ளும் துப்பாக்கியை, கொண்டுவந்தார். "குறி சிதறுது சார், புது பேரல் போட்டுடுங்க" என்றார். 100 மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கிய ஐந்து குண்டுகள் இப்போது பத்து சென்டிமீட்டருக்குப் பரவுகின்றன. பேரல் சூடேற ஏற குண்டு மேல்நோக்கிப் போகிறதாம்.

உள்ளே தோட்டா எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு போல்டை உருவி வைத்தேன். பிறகு ஒரு தாளை எடுத்து பேரலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவில் நுழைத்து இழுத்தேன். நாலு விரல் தூரம் வந்ததும் நின்றுவிட்டது. மரம் ஈரத்தில் ஊதி, ஒரு பக்கமாக பேரலை முட்டிக்கொண்டிருந்தது.

சுடும்போது பேரல் அதிரும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். நடுவில் மரம் முட்டினால் அந்த ஒழுங்கு கெடும். சூட்டில் பேரல் விரிய விரிய முட்டலும் கூடும். கட்டையை உள்பக்கம் கொஞ்சம் இழைத்து, ஈரம் ஏறாமல் பூச்சு கொடுத்தேன். பழைய பேரலே போதுமானதாக இருந்தது.

அடுத்து பார்க்க வேண்டியது ஸ்க்ரூக்கள். போல்ட் ஓடும் உலோகப் பகுதியைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். ஆக்‌ஷனைக் கட்டையோடு பிடித்திருக்கும் முன் ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது, பேரலும் கட்டையின் முனையும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்துப் பாருங்கள். பேரல் எழும்புவது விரலுக்குத் தெரிந்தால், ஆக்‌ஷன் சரியாக உட்காராமல் ஸ்க்ரூவின் பலத்தில் வளைந்து நிற்கிறது என்று பொருள். எபாக்ஸி பசையைக் கட்டைக்குள் ஊற்றி அது அச்சாக உட்கார இடம் செய்வது, அதாவது பெடிங், இதற்காகத்தான். இறுக்கும்போது கைப்பலத்தை நம்ப வேண்டாம், இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் டிரைவர் வாங்குங்கள். அலுமினியம் பதித்த கட்டைகள் பலவற்றுக்கு 65 அங்குல-பவுண்டு சொல்கிறார்கள். அதே அளவை வெறும் மரத்தில் வைத்தால் மரம் நசுங்கும். குறி பார்க்கும் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங் ஸ்க்ரூக்களையும் சேர்த்துப் பாருங்கள். குறி திடீரென்று மாறிவிட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு அங்கேதான் தளர்ந்திருக்கும். அப்புறம், மூன்று தோட்டா சுட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள். மூன்று தற்செயலாகச் சேர்ந்து விழும், பத்து அப்படி விழாது.

சுத்தம் செய்யும் கம்பியை முடிந்தவரை பின்பக்கத்திலிருந்தே விடுங்கள். வாய்ப்பக்கமிருந்து விட்டால் கம்பி உரசி உரசி, குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் விளிம்பு தேய்ந்துவிடும்.

இதுவரை சொன்னவை பொறுமை இருந்தால் நீங்களே பார்க்கக்கூடியவை. இரண்டு விஷயங்களில் மட்டும் வீட்டில் கை வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒன்று போல்ட். 1898 மாடல் மவுசரில் முன்னால் இரண்டு பூட்டுப் பற்கள், அவை உடைந்தாலும் தாங்கப் பின்னால் மூன்றாவது ஒன்று என்று வைத்தார்கள். அவ்வளவு அழுத்தத்தை போல்ட் தாங்க வேண்டியிருக்கிறது. ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு வைத்திருந்த ஒருவர், இரண்டையும் ஒரே மேஜையில் துடைத்து, போல்டுகளை மாற்றிப் போட்டுவிட்டார். இரண்டும் நன்றாகவே மூடின, சுட்டன. அவர் கொண்டுவந்த காலித் தோட்டாக் கூடுகளைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம். வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் அதே இடத்தில் பள்ளம் தட்டியது. போல்டின் முகத்துக்கும் அறைக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அதாவது ஹெட்ஸ்பேஸ், கூடிவிட்டது. கூடு நீண்டு மெலிந்து அறுந்துபோகும் நிலை. அறுந்தால் கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்துக்கு நேராக வரும். அந்த வளையத்தைப் பார்த்த பிறகு அவரிடம் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போல்ட் மாற்றினாலும் பேரல் மாற்றினாலும், அந்த இடைவெளி சரியான அளவுக்குள் இருக்கிறதா என்று காட்டும் கோ, நோ-கோ கேஜ் வைத்து அளக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. பல நாடுகளில் இந்தப் பாகங்களுக்கே தனி உரிமம் வேண்டும், அதையும் முதலில் விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று டிரிகர். லேசாக இருந்தால் குறி நன்றாக வரும் என்பது உண்மைதான். ஆனால் சுடும் ஊசியை டிரிகர் பிடித்து வைத்திருக்கும் பிடிமானத்தைக் குறைக்கக் குறைக்க, ஒரு தூசியோ கெட்டியான எண்ணெயோ போதும், ஊசி தானாக விழுந்துவிடும். யார் சரிசெய்து கொடுத்தாலும் வாங்கும்போதே சோதியுங்கள். காலித் துப்பாக்கியில் போல்டை வேகமாக அடித்து மூடுங்கள். சேஃப்டியைப் போட்டு டிரிகரை இழுத்து விடுங்கள், பிறகு சேஃப்டியை எடுங்கள். கடைசியாகக் கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள். இதில் எங்காவது ஒரு முறை ஊசி 'டக்' என்று விழுந்தாலும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.