ஒயின் பாதை: பலகை நடுவதற்கு முன்

பயணிகள் ஒயின் தோட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சுவைத்துப் போகும் ஒயின் பாதை ஒன்று போடவேண்டும் என்று என்னைக் கூப்பிடும் ஊர்களில், முதல் கூட்டத்திலேயே வரைபடம் தயாராக இருக்கும். பெயர்ப்பலகைக்கு வண்ணம் தேர்ந்தெடுத்திருப்பார்கள், லோகோகூட வரைந்திருப்பார்கள். "சரி, யார் தோட்டத்தில் எந்தக் கிழமை கதவு திறந்திருக்கும்?" என்று நான் கேட்கும்போதுதான் அறை அமைதியாகும்.

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது ஒரு சனிக்கிழமை. திறப்பு விழா முடிந்து சில மாதங்களே ஆன ஒரு பாதைக்கு, யாரிடமும் சொல்லாமல் சாதாரணப் பயணிபோலப் போயிருந்தேன். அறுவடைக் காலம். பலகையில் ஏழு ஒயின் கூடங்கள் இருந்தன. வரிசையாகப் போனதில் முதல் மூன்றும் பூட்டிக் கிடந்தன. நாலாவதில் ஒரு பாட்டி ஜன்னல் வழியே எட்டிப்பார்த்து, "எல்லாரும் பழம் பறிக்கப் போயிருக்காங்க, இருட்டினப்புறம் வாங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. கொடியில் பழம் தொங்கும்போதுதான் ஊரைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். விவசாயிக்கு மூச்சுவிட நேரமில்லாத காலமும் அதுதான். வரைபடம் போட்டவர்கள் இதை யோசிக்கவே இல்லை.

ஒயின் பாதைகள் பிறந்த கதையும் அழகுணர்ச்சியில் தொடங்கியதல்ல. ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியில் 1935-ல் போட்ட பாதை, சுமார் 85 கிலோமீட்டர், இந்த வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அப்போது விளைச்சல் மிஞ்சி ஒயின் தேங்கிக் கிடந்தது. யூத வியாபாரிகளை நாஜி ஆட்சி ஒதுக்கித் தள்ளியதில் விற்கும் வழியும் அடைபட்டிருந்தது. சரக்கு வெளியே போகாவிட்டால் வாங்குபவரை உள்ளே வரவழைப்போம் என்பதுதான் கணக்கு. பிரான்ஸின் அல்சாஸ் பாதை 1953-ல் வந்தது, ஏறத்தாழ 170 கிலோமீட்டர். எனக்குப் பிடித்த உதாரணம் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ். பிரான்ஸில் இப்படியொரு பாதையைப் பார்த்துவிட்டு வந்த ஃபிரான்ஸ் மாலன், பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு 1971-ல் தொடங்கியது அது. சந்தையில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். ஆனாலும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த மேசை இல்லாத ஊரில் என்ன பலகை நட்டாலும் அது வெறும் சாலைக் குறிப்புதான்.

மேசையில் முதலில் பேசவேண்டியது, யார் என்று கதவு திறப்பது என்ற முறை. பூட்டுகளைப் பார்த்துவிட்டு வந்த அந்த ஊரில், பறிப்புக் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு கூடங்கள் மட்டும் திறப்பது, எந்த இரண்டு என்பதை ஊர் முகப்பில் கரும்பலகையில் எழுதுவது என்று முடிவாயிற்று. திறக்கும் வீட்டில் மற்ற ஐவரின் பாட்டில்களும் இருக்கும். "அவன் சரக்கை நான் ஏன் விற்கணும்?" என்பதிலேயே இரண்டு கூட்டங்கள் போய்விட்டன. நாளை அவன் முறை வரும்போது உன் சரக்கை அவன் விற்பான் என்பதைத் தவிர இதற்குப் பதில் இல்லை.

அடுத்தது, யாரும் பேச விரும்பாத விஷயம். ஒரு வாய் சுவைக்கு 30 மில்லி ஊற்றுகிறோம் என்று வையுங்கள். ஒரு கூடத்தில் ஐந்து வகை, ஒரு நாளில் ஐந்து கூடம். மொத்தம் 750 மில்லி, முழுசாக ஒரு பாட்டில்! கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதால் குடித்ததாகவே தோன்றாது, அதுதான் வம்பு. அப்புறம் அதே ஆள் வளைவு நிறைந்த கிராமச் சாலையில் கார் ஓட்டுகிறார்; எதிரே டிராக்டர் வருகிறது. ஆகவே ஒவ்வொரு மேசையிலும் படிக்கம் வைக்கச் சொல்கிறேன். ஒயினைச் சுவைத்துத் துப்புவது அநாகரிகமல்ல. தொழில்முறையில் சுவைப்பவர்கள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். ஆனால் படிக்கத்தை மூலையில் ஒளித்துவைத்தால் யாரும் தொடமாட்டார்கள், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். வண்டி ஓட்டுபவருக்கு நல்ல திராட்சைச் சாறு வேண்டும், வெறும் தண்ணீர் அல்ல. சுற்றி வரும் சிற்றுந்து ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பாலட்டினேட்டில் ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறன்று மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, சாலையை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிடுகிறார்கள்.

இலவசமாக ஊற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சிறு கட்டணம் வாங்குங்கள், பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இலவசம் என்றால் வருகிற கூட்டமே வேறு. உரிமத்தையும் முதலிலேயே விசாரியுங்கள். தயாரிக்க ஒன்று, விற்க ஒன்று, அங்கேயே ஊற்றிக் கொடுக்க ஒன்று என்று பல நாடுகளில் தனித்தனி.

ஒயினால் வரும் வருமானம் ஒயின்காரருக்கு. ஊருக்கு வருமானம் வேண்டுமானால் வந்தவர் ராத்தங்க வேண்டும். மதியம் பேருந்தில் இறங்கி, படம் எடுத்து, நாலு மணிக்கு ஏறிப்போகும் நாற்பது பேரைவிட, ஓர் இரவு தங்கும் நாலு பேர் மேல். அவர்கள் காலையில் ரொட்டி வாங்குவார்கள், சைக்கிள் வாடகைக்கு எடுப்பார்கள். திராட்சையே பயிரிடாத பக்கத்து வீட்டுக்காரர் இந்தத் திட்டத்தில் என்ன பெறுகிறார் என்று பாருங்கள். ஒன்றுமில்லை என்றால், மருந்தடிக்கும் நாளில் தெருவை அடைத்து நிற்கும் கார்களுக்கு எதிராக முதல் புகார் அவரிடமிருந்துதான் வரும். அது நியாயமான புகாரும்கூட.

கடைசியாக, கொடி. பில்லோக்சீரா என்கிற வேர் உறிஞ்சும் பூச்சி 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்து திராட்சைத் தோட்டங்களை நாசமாக்கியது. வேரில் வந்துவிட்டால் மருந்தில்லை. கொடியைப் பிடுங்கி, எதிர்ப்புள்ள அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிய செடியை நட வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவின் யாரா பள்ளத்தாக்கில் 2006-ல்கூடக் கண்டுபிடிக்கப்பட்டது. செருப்பு, துணி, டயர் எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு போகும். ஒயின் பாதை என்பதே ஒரு தோட்டத்து மண்ணை மிதித்த காலோடு அடுத்த தோட்டத்துக்குப் போவதுதானே!

இந்தப் பூச்சி நுழையாத பகுதியில் நீங்கள் இருந்தால், கொடி வரிசைக்குள் யாரையும் விடாதீர்கள். படம் எடுக்கத்தான் எல்லாரும் உள்ளே போவார்கள், அதனால் படத்துக்கென்று வேலிக்கு வெளியே நாலு கொடி தனியாக நட்டுவையுங்கள். உள்ளே போயே ஆகவேண்டும் என்றால் முதலில் காலணியின் மண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டு, 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற வெளுப்பு மருந்துக் கரைசலில் காலணியோடு 60 வினாடி நிற்கவேண்டும். அந்த ஒரு நிமிடம் விருந்தாளிகளுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். நான் பார்த்த ஒரு தோட்டக்காரர் அந்த நேரத்தில்தான் தன் தாத்தா நட்ட கொடிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்.