அணையின் அவசரக் கலங்கலும் கரையோர மக்களின் உரிமையும்

சென்னையின் புழல் ஏரியில் உபரி நீர் திறக்கப்படும்போதெல்லாம் நாரவாரிக்குப்பம், வடகரை, வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் என ஊர்ப் பெயர்களை அடுக்கிக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. இத்தகைய எச்சரிக்கையைப் பெரிய அணைகளின் உரிமையாளர்களுக்குச் சட்டக் கடமையாக்கியது, 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம்.

15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமிருந்து கொள்ளளவு போன்ற சில வரையறைகளுக்குள் வருபவையும் இச்சட்டத்தில் அடங்கும்.

மண்கரைக்கு மேல் வெள்ளம் வழிந்தால் கரை அரித்து உடைந்துவிடும். குஜராத்தின் மச்சூ இரண்டாம் அணை 1979 ஆகஸ்ட் 11 அன்று அப்படித்தான் உடைந்து, மோர்பி நகரை மூழ்கடித்தது. ஷட்டர்களின் திறனையும் மீறி வரும் வெள்ளம் கரைக்கு மேல் வழியாமல் விலகிச் செல்லவே அவசரக் கலங்கல் அமைக்கிறார்கள். முழுக் கொள்ளளவு மட்டத்துக்குச் சற்று மேலேயும், கரையின் உச்சிக்குக் கீழேயும், பெரும்பாலும் ஷட்டர் இல்லாத தாழ்வான திறப்பாக அது இருக்கும். சில இடங்களில் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் தானே கரைந்து வழிவிடும் மண் அடைப்பையும் வைப்பதுண்டு.

கலங்கலைவிட முக்கியம், அதிலிருந்து நீர் இறங்கும் வழி என்பது என் கருத்து. அமெரிக்காவின் ஓரோவில் அணையில் 2017 பிப்ரவரியில் முதன்முறையாக அவசரக் கலங்கலில் நீர் வழிந்தபோது, கான்கிரீட் போடாத மலைச்சரிவு வேகமாக அரித்ததால் ஏறத்தாழ 1,88,000 பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

எவ்வளவு பெரிய வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்பதை ஐ.எஸ். 11223 (1985) என்ற இந்தியத் தரநிலை வகுக்கிறது. அதன்படி, 60 மில்லியன் கன மீட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள அணை பெரிய அணை; அது வரக்கூடிய அதிகபட்ச வெள்ளத்தையே கடத்த வேண்டும். புழலின் கொள்ளளவான 3,300 மில்லியன் கன அடி என்பது சுமார் 93 மில்லியன் கன மீட்டர்; எனவே இந்த அளவின்படி அதுவும் பெரிய அணையே.

அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்பார்க்கும் நீர்வரத்து, வெளியேற்றம், அதனால் வரும் பாதிப்பு ஆகிய விவரங்களை உரிமையாளர் பொதுமக்கள் அறியச் செய்ய வேண்டும். ஏற்கெனவே உள்ள அணைகளுக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்து ஆண்டுகளுக்குள், அதாவது 2026 டிசம்பர் இறுதிக்குள், அவசரகாலச் செயல் திட்டமும் வகுக்க வேண்டும். வடபெரும்பாக்கம் பாலத்தில் நின்று, உபரிநீர்க் கால்வாயில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடப்பதைப் பார்ப்பவர்கள், எத்தனை கன அடி திறந்தால் எந்தத் தெருவுக்கு நீர் வரும் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீர்வளத் துறையிடம் எழுத்தில் கேட்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கேட்பது நல்லது.