ஏர் ஹார்னின் பலம் குழலில் இல்லை

காட்டுத் தடத்திலும் மலைப்பாதையிலும் ஓட்டும் வண்டிக்கு ஏர் ஹார்ன் வாங்குபவர்கள் பெரும்பாலும் குழலைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். நீளமாக, பளபளவென்று, மூன்று நான்கு சேர்ந்து இருந்தால் சத்தம் பிளந்துகட்டும் என்று நினைப்பு. குழலுக்கும் வேலை உண்டுதான். ஆனால் மாட்டிய பிறகு அது அலறுமா, முனகுமா என்பது வேறொன்றைப் பொறுத்தது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் அந்த நேரத்தில், ஹார்னுக்குள் இருக்கும் தகட்டுக்கு எவ்வளவு அழுத்தத்தில் காற்று வந்து சேருகிறது என்பதே அது.

முதலில் தகட்டைப் பார்ப்போம். வண்டியோடு வரும் சாதாரண ஹார்னில் ஒரு மின்காந்தம் எஃகுத் தகட்டை இழுக்கிறது. இழுபட்டவுடன் மின்தொடர்பு அறுந்து, தகடு பழைய இடத்துக்குத் திரும்புகிறது. திரும்பியதும் மறுபடி தொடர்பு, மறுபடி இழுப்பு. நொடிக்குச் சுமார் 400 முறை இது நடக்கிறது. இதற்குக் கிடைப்பது 12 வோல்ட்டில் சில ஆம்பியர்தான், அதாவது ஐம்பது அறுபது வாட். அதற்குமேல் அதனால் கத்த முடியாது.

ஏர் ஹார்னில் தகட்டை ஆட்டுவது காற்று. குழலின் பின்வாயை ஒரு மெல்லிய தகடு அழுத்தி மூடியிருக்கிறது. அறைக்குள் வரும் அழுத்தக் காற்று தகட்டைத் தள்ளி இடைவெளி உண்டாக்கிக் குழலுக்குள் பாய்கிறது. பாய்ந்ததும் அறையில் அழுத்தம் குறைகிறது, தகடு தன் விறைப்பால் திரும்பி வாயை மூடுகிறது. மறுபடி அழுத்தம் ஏறுகிறது. நாதஸ்வரத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் பிடிபடும். சீவாளி துடிக்கிறது, உலவுக்குள் இருக்கும் காற்று சுருதியை நிர்ணயிக்கிறது, விரிந்த அணசு ஒலியை வெளியே தள்ளுகிறது. இங்கே தகடுதான் சீவாளி, வாசிப்பவரின் மூச்சுக்குப் பதிலாக, காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசர்.

குழல் விரிந்துகொண்டே போவதற்குக் காரணம் இருக்கிறது. சின்னத் தகடு திறந்தவெளிக் காற்றை நேரடியாகத் தள்ளினால், காற்று பக்கவாட்டில் விலகிப்போய்விடும். ஆற்றலில் பெரும்பகுதி ஒலியாக மாறாது. மெதுவாக விரியும் குழல், குறுகிய இடத்தில் இருக்கும் அதிக அழுத்தத்தைப் பெரிய பரப்பின் மெல்லிய அசைவாகப் படிப்படியாக மாற்றிக் கொடுக்கிறது. நீளமும் முக்கியம். நீளக் குழல் கீழ்ச் சுருதி, குட்டைக் குழல் மேல் சுருதி.

ஆஃப்-ரோடு ஓட்டுபவருக்கு இந்தச் சுருதி விஷயம் வெறும் ரசனை அல்ல. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 300 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.1 மீட்டருக்கு மேல், 3000 ஹெர்ட்ஸுக்கு 11 சென்டிமீட்டர்தான். அலைநீளம் பெரிதானால் பாறை, மரம், வளைவு ஆகியவற்றைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும். கீச்சென்ற ஒலி தடைக்குப் பின்னால் நிழல் விழுவதுபோல் அடங்கிவிடும், இலைதழையும் காற்றும் அதையே அதிகம் விழுங்கும். ஆனால் மனிதக் காது கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான். அதனால் ஒரு நீளக் குழலும் ஒரு குட்டைக் குழலும் சேர்ந்த ஜோடியே நல்ல தேர்வு. ஒன்று வளைவைத் தாண்டிப் போகும், மற்றது எதிரே இருப்பவரைச் சட்டென்று திரும்பவைக்கும்.

நான்கு குழல் மாட்டினால் நான்கு மடங்கு சத்தம் வராதா? வராது. டெசிபல் கணக்கு அப்படி ஓடுவதில்லை. ஒலித்திறன் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவே கிட்டத்தட்ட 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு திறன். ஆக நான்கு குழலுக்குக் கிடைப்பது 6 டெசிபல், அதுவும் நான்குக்கும் போதுமான காற்று வந்தால். ஒரே மெல்லிய டியூபிலிருந்து நான்கும் பங்கு போட்டுக்கொண்டால் அழுத்தம் விழுந்து, அந்த லாபமும் போய்விடும்.

பெட்டியில் 150 டெசிபல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எத்தனை மீட்டரில் அளந்தது என்று இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் அளந்ததற்கும் 7 மீட்டரில் அளந்ததற்கும் இடையே 17 டெசிபல் வித்தியாசம் வரும். 2 மீட்டரில் 118 டெசிபல் தரும் ஹார்ன், 20 மீட்டரில் 98, 200 மீட்டரில் 78 என்று இறங்கும்.

சரி, காற்று எங்கிருந்து வருகிறது? இரண்டு வழி. சிறிய செட்டுகளில் பொத்தானை அழுத்தினால் கம்ப்ரசரே ஓடி நேராகக் குழலுக்கு ஊதும். சுலபம்தான், ஆனால் மோட்டார் வேகம் எடுக்கும்வரை சத்தம் இழுத்துக்கொண்டு ஏறும், அழுத்தமும் குறைவு. இன்னொன்று டேங்க் வைத்த அமைப்பு. கம்ப்ரசர் முன்கூட்டியே டேங்கை நிரப்பி வைக்கும், பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வு திறந்து காற்று மொத்தமாகப் பாயும். நிரம்பியதும் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். காற்று திரும்பிப் போகாமல் செக் வால்வு தடுக்கும்.

டேங்கில் எவ்வளவு நேரச் சத்தம் இருக்கிறது என்பது எளிய கணக்கு. பார் என்பது அழுத்த அளவு, வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1 பார். 10 லிட்டர் டேங்கில் அதற்குமேல் 8 பார் நிரப்பி, 5 பார் வரை இறங்கவிட்டால் வெளிவருவது, வெளிக்காற்றின் அழுத்தத்தில் 30 லிட்டர் காற்று. ஹார்ன் நொடிக்கு 10 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நொடியில் தீர்ந்துவிடும். நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் கம்ப்ரசர் அதைத் திருப்பி நிரப்ப ஒரு நிமிடம் ஆகும். இதைப் பார்த்தால் ஆசையெல்லாம் குழலிலிருந்து டேங்குக்கு மாறிவிடும்.

டேங்கில் 8 பார் இருப்பதால் தகட்டிலும் 8 பார் இருக்காது. காற்று வேகமாக ஓடும்போது டியூபிலேயே அழுத்தம் இழக்கிறது. அந்த இழப்பு, ஓட்டம் மாறாதபோது, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர்விகிதமாக மாறும். டியூபின் உள்விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு முப்பது மடங்குக்கு மேல் கூடும். வால்வுக்குள் இருக்கும் துளையும் அப்படித்தான், வெளியே அரை அங்குல மரை இருந்தாலும் உள்ளே வழி ஊசிமுனையளவு இருந்தால் பயனில்லை. என்னைக் கேட்டால், கூடுதல் குழலுக்குச் செலவழிப்பதைவிடத் தடித்த டியூபுக்கும் அகல வால்வுக்கும் செலவழிப்பதே புத்திசாலித்தனம். சந்தேகம் இருந்தால் குழலுக்குச் சற்று முன்னால் ஒரு அழுத்தமானியைப் பொருத்தி ஹார்ன் அடித்துப் பாருங்கள். டேங்க் முள்ளுக்கும் இந்த முள்ளுக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் இழக்கும் சத்தம்.

மின்சாரத்திலும் இதே கதை. கம்ப்ரசர் 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். பேட்டரியிலிருந்து 4 மீட்டர் தள்ளி மாட்டினால் போகவர 8 மீட்டர் ஒயர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 1.1 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும், 6 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. இவ்வளவு மின்னோட்டத்தை ஸ்டியரிங் பொத்தான் தாங்காது, தொடுமுனை கருகிவிடும். அதனால்தான் ரிலே என்ற மின்சுவிட்ச். பொத்தான் ரிலேயின் 85, 86 முனைகளில் சிறு மின்னோட்டத்தை விடும், பெரிய மின்னோட்டம் 30-இலிருந்து 87-க்குப் போகும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். கம்ப்ரசர் பக்கம் வைத்தால், நடுவில் ஒயர் உரசி சேசிஸைத் தொடும்போது அது காப்பாற்றாது. குலுங்கும் வண்டியில் ஒயர் உரசுவது சர்வ சாதாரணம்.

அப்புறம் தண்ணீர். டேங்குக்குள் தண்ணீர் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, காற்றே கொண்டுவரும். 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 14 கிராம் நீராவி இருக்கும். அதை ஒன்பதில் ஒரு பங்காக (டேங்கின் 8 பாரோடு வெளிக்காற்றின் 1 பார் சேர்த்து) அமுக்கி ஆறவிட்டால் 2.5 கிராம் மட்டுமே ஆவியாக நிற்கும், மீதி நீராகத் தேங்கும். டேங்கின் அடியில் வடிகுழாய் இருப்பதும், அதை அவ்வப்போது திறந்துவிடவேண்டியிருப்பதும் இதனால்தான். விட்டால் எஃகு டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மலை உச்சிக் குளிரில் வால்வுக்குள் நீர் உறைந்தால் ஹார்ன் ஊமையாகிவிடும்.

வெளித் தண்ணீர் வேறு பிரச்சினை. சூடான கம்ப்ரசர் ஓடையில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். சக்கர அச்சின் பெட்டிக்கு (ஆக்சில்) மூச்சுக்குழாய் வைத்து உயரத்துக்குக் கொண்டுபோவது எதற்காகவோ, கம்ப்ரசரின் காற்று உறிஞ்சும் வடிகட்டியையும் அதற்காகவே உயரத்துக்குக் கொண்டுபோகவேண்டும். குழலின் வாய் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், உள்ளே போன தண்ணீர் தானே வடியும். நேராக முன்னே பார்த்து வண்டியின் அடியில் மாட்டினால் சேறு போய் அடைத்துக்கொள்ளும்.

டேங்கை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 8 பாரில் இருக்கும் 10 லிட்டர் காற்றில் அடங்கிய ஆற்றல் சுமார் 12 கிலோஜூல். ஒரு டன் எடை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பிவிசி குழாயை வெட்டி ஒட்டி டேங்க் செய்வது வேண்டவே வேண்டாம், அது உடையும்போது கூரிய சில்லுகளாகச் சிதறும். பாதுகாப்பு வால்வு இல்லாத டேங்கும் அதே ரகம்தான்.

காதுக்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், 100 டெசிபலுக்கு 15 நிமிடம் என்று வகுத்திருக்கிறது. ஹார்னுக்கு முன்னால் நிற்பவருக்கு நிமிடக்கணக்கு கூடக் கிடையாது, அதனால் சோதித்துப் பார்க்கும்போது காதடைப்பு போட்டுக்கொள்ளுங்கள். பல நாடுகளில் பொதுச்சாலையில் இதை அடிப்பது சட்டவிரோதமும் கூட. பழைய ஹார்னைக் கழற்றாமல் ஒரு இருவழி ஸ்விட்ச் வைத்துவிட்டால், சாலையில் அது, தடத்தில் இது என்று மாற்றிக்கொள்ளலாம்.