புதைப்பதற்கு முன் வாலைப் பாருங்கள்

தேவனாம்பட்டினத்தில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை) ஒன்று செத்து ஒதுங்கியிருக்கிறது என்று ஒரு தை மாதக் காலையில் போன் வந்தது. கடலூரில் மாட்டு வைத்தியம் பார்க்கிறவன் நான், வனத்துறை கூப்பிட்டால் ஆமைக்கும் போஸ்ட்மார்ட்டம் செய்வேன். பையை எடுத்துக்கொண்டு ஓடினால், அதற்குள் குழி வெட்டி மூடியாகிவிட்டது. பீச்சுக்கு ஆள் வருகிற நேரம், நாறிவிடும் என்ற அவசரம். பக்கத்தில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர், "செத்ததுக்கு எதுக்கு டாக்டரே வைத்தியம்?" என்று சிரித்தார்.

அன்றைக்கு நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் இருக்கிறது, ஆனால் அது கடலிலிருந்து இல்லை, கழுகிலிருந்து வருகிறது.

1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது தெரிந்தது, சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய், 2004இல் வெளிவந்த பாகிஸ்தான் ஆய்வு காரணத்தைக் காட்டியது: டைக்ளோஃபினாக். வலிக்கும் காய்ச்சலுக்கும் என்னைப் போன்றவர்கள் மாட்டுக்குப் போட்ட ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகைக் கொன்றிருந்தது! 2006இல் இந்தியாவில் கால்நடைக்கு அது தடையானது. மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால் 2015இல் அந்தப் பாட்டிலும் போனது. கூடவே, மெலாக்சிகாமைக் கழுகுகளுக்கே கொடுத்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி செய்து மாற்று மருந்தும் காட்டினார்கள். எங்கள் தொழிலில் பலர் அந்தத் தடையை முணுமுணுப்போடாவது ஏற்றதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, ஆமைக்கு வருவோம். ஆமைகள் இழுவைமடியில், அதாவது விசைப்படகு இழுத்துப் போகும் பை போன்ற வலையில், சிக்கிச் சாகின்றன என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது விசைப்படகுக்காரர் ஒருவர் கேட்டார்: "எங்க மடியிலதான் செத்துச்சுன்னு எப்படி சார் சொல்றீங்க? கப்பல் அடிச்சிருக்கலாம், பிளாஸ்டிக் தின்னிருக்கலாம்." நியாயமான கேள்வி. எத்தனை செத்தது என்ற பேச்சு வந்தபோது ஒருவர் இருபது என்றார், இன்னொருவர் இருநூறு என்றார், அதற்குள் டீ வந்துவிட்டது.

அவர் கேள்விக்கு விடை ஆமையின் மூச்சுக்குழாயில் இருக்கிறது. ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். இழுவைமடியில் மாட்டித் திமிறினால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். மூச்சுக்குழாயில் நுரை, நீர் கோத்த நுரையீரல், வயிற்றில் அப்போதுதான் தின்ற இரை, வெளியே காயம் எதுவுமில்லை என்று எல்லாம் சேர்ந்து வந்தால் நன்றாக இருந்த பிராணி மூழ்கிச் செத்தது என்று எழுதலாம். கண் பிதுங்கியிருப்பதை மட்டும் வைத்து எழுதமாட்டேன், அழுகினாலும் பிதுங்கும். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் உள்ளே எல்லாம் கூழ், அப்புறம் எந்த நிபுணர் வந்தும் பயனில்லை.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடி கூடாது என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆமைகளோ ஜனவரியிலேயே முட்டையிட வரத் தொடங்கிவிடுகின்றன, தடை வருவதற்குள் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த மாதங்களில் எந்தக் கடற்பகுதியில் கெடுபிடி வேண்டும், வலைக்குள் ஆமை தப்பிக்கும் கம்பிச்சட்டத்தை எங்கே முதலில் கட்டாயமாக்கலாம் என்பதைத் தேதியும் இடமும் உள்ள பதிவேடு இருந்தால்தான் பேச முடியும். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. இங்கே தினம் ஒன்றிரண்டாக ஒதுங்குவதை யார் எண்ணுகிறார்கள்?

நீங்கள் பார்த்தால் அறுக்காதீர்கள், தூக்கிப் போகாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி அது. பக்கத்தில் ஒரு செருப்பையாவது அளவுக்கு வைத்துப் போட்டோ எடுங்கள், இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். எண்ணி முடித்த ஆமையின் ஓட்டில் பெயின்ட் அடித்துவிட்டால் அதையே இரண்டு முறை எண்ண வேண்டியதில்லை. வாலைப் பாருங்கள். ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆண். ஆண் ஆமை முட்டையிட வருவதில்லை, ஆகவே ஆண்கள் நிறைய ஒதுங்கினால் இணைசேரும் கூட்டம் அருகிலேயே வலையில் சிக்குகிறதோ என்று பார்க்க வேண்டும்.

அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் பிறகு ஒருநாள் சொன்னேன். இந்தப் பருவத்தில் அவரே மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். கடைசியாகக் கூப்பிட்டபோது விடியக்கூட இல்லை: "டாக்டரே, வால் நீளமா இருக்கு. நாய் வர்றதுக்குள்ள வாங்க."