எட்டுக்கும் எய்ட்டுக்கும் என்ன உறவு?

தமிழில் எட்டு, ஆங்கிலத்தில் எய்ட். அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் ஒன்றிலிருந்துதான் மற்றது வந்திருக்க வேண்டும் என்று தோன்றும். பள்ளிக்கூட நாட்களில் நானும் அப்படித்தான் உறுதியாக நம்பினேன். ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது, இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

இரண்டு சொற்களின் பழைய வடிவம் வேண்டும்.

எய்ட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே ஒலிக்காத இரண்டு எழுத்துகள் வரும். ஒரு காலத்தில் அங்கே தொண்டையிலிருந்து உரசி வரும் ஓர் ஒலி இருந்தது. அந்த ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ஜெர்மன்காரர்கள் இன்றும் அதை ஒலிக்கிறார்கள்: அஹ்ட். லத்தீனில் ஆக்டோ. பழைய ரோமானிய நாட்காட்டியில் எட்டாவது மாதமாக இருந்ததால்தான் அக்டோபருக்கு அந்தப் பெயர். சமஸ்கிருதத்தில் அஷ்ட. இவை எல்லாவற்றுக்கும் மூலமாக 'ஒக்தோ' போன்ற ஒரு சொல்லை மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். எண்பது, எண்ணூறு, எண்திசை என்கிறோமே, அங்கெல்லாம் நிற்பது 'எண்'. அதுதான் வேர். கன்னடத்தில் எண்டு, துளுவில் எண்ம, தெலுங்கில் எனிமிதி என்று உறவுமொழிகளில் அந்த மூக்கொலி அப்படியே இருக்கிறது. தமிழில் விகுதியோடு சேர்ந்தபோது ண் மறைந்து ட் இரட்டித்து எட்டு ஆனது.

அதாவது, ஒரு பக்கம் ஒக்தோ, இன்னொரு பக்கம் எண். இரண்டுக்கும் ஒட்டே இல்லை. இரு சொற்களும் வெவ்வேறு திசையிலிருந்து தேய்ந்து வந்து இன்றைக்கு ஓரிடத்தில் சந்தித்திருக்கின்றன, அவ்வளவுதான். ஒன்று – ஒன் கதையும் இதுவே. பழைய ஆங்கிலத்தில் ஒன் என்பது 'ஆன்'. இன்று ஆங்கிலேயர் அதை 'வன்' என்று சொல்லும்போது முன்னால் ஒலிக்கும் 'வ' பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

சொற்களின் உறவைச் சோதிக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி இது. காலத்தில் பின்னோக்கிப் போகப் போக இரண்டு சொற்களும் நெருங்கி வந்தால் அது உறவு. விலகிப் போனால் தற்செயல்.

இத்தனை தற்செயல் எப்படி நடக்கும் என்று கேட்கலாம். சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். ஒப்பிடும்போது நாம் தாராளமாகத்தான் இருப்போம். ப, ஃப, வ எல்லாம் ஒன்றுதான், ல, ள, ர எல்லாம் ஒன்றுதான் என்று விட்டுக்கொடுப்போம். அப்படி மெய்யொலிகளை 8 வகையாகவும் உயிரொலிகளை 3 வகையாகவும் சுருக்கினால், 'பல்', 'கண்' போன்ற மெய்-உயிர்-மெய் சொற்களுக்கு 8 × 3 × 8 = 192 வடிவங்கள்தான் கிடைக்கும். ஒரு மொழியின் 1000 குட்டிச் சொற்களை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற மொழியில் பொருள் நெருங்கிய 5 சொற்களோடு ஒப்பிட்டால் 5000 ஒப்பீடுகள். எல்லா வடிவத்துக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால் சுமார் 26 ஜோடிகள் தானாகவே பொருந்திவிடும். இரண்டு மொழிகளும் உறவு என்று காட்டப் போடும் ஒரு முழுப் பட்டியலுக்கு அது தாராளம்.

மொழியியலில் இதற்குப் புகழ்பெற்ற சாட்சி ஒரு நாய். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ம்பாபரம் என்றொரு பூர்வகுடி மொழி இருந்தது. 1960-களில் அதன் கடைசிப் பேச்சாளர்களைத் தேடிப் போன மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்சன் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். 'டாக்' என்று பதில் வந்தது. யார் கேட்டாலும் ஆங்கிலக் கடன் என்றே நினைப்பார்கள். ஆனால் அது அந்த மண்ணின் சொந்தச் சொல். பக்கத்து மொழியான யிடினில் நாய்க்குக் 'குடகா' என்று பெயர். ம்பாபரத்தில் முதல் அசை உதிர்ந்தது, நடு உயிர் 'ஒ' ஆனது, கடைசி உயிரும் போனது. மிச்சம் நின்றது டாக். வேறு பல சொற்களிலும் இதே மாற்றங்கள் இதே ஒழுங்கில் நடந்திருப்பதால்தான் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இன்னொரு வகைச் சொற்கள் தற்செயலும் இல்லை, உறவும் இல்லை. நமக்கு மாமா என்றால் அம்மாவின் உடன்பிறப்பு. ரஷ்ய மொழியில் மாமா என்றால் அம்மா. ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா! குழந்தையின் உதடுகள் சேர்ந்து பிரிந்தாலே ம, ப ஒலிகள் வந்துவிடும். அந்த மழலையைப் பெரியவர்கள்தான் யாரோ ஒருவருக்குப் பெயராக்கிக்கொள்கிறார்கள். அம்மா, அப்பா போன்ற சொற்கள் மொழி உறவுக்குச் சான்றாகாததற்கு இதுவே காரணம்.

சரி, தமிழுக்கு உறவு என்று சிலர் சொல்லும் கொரிய மொழி? அங்கே புல்லுக்குப் புல், நாளுக்கு நல், அப்பாவுக்கு அப்பா. சியோலில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையான உறவு எப்படி இருக்கும் என்பதற்குக் கன்னடத்தைப் பாருங்கள். பல் – ஹல்லு, பால் – ஹாலு, புலி – ஹுலி, பத்து – ஹத்து, பூ – ஹூவு, புல் – ஹுல்லு. நம் சொல்லின் தொடக்கத்தில் ப வரும் இடத்தில் அங்கே வரிசையாக ஹ வருகிறது. பழைய கன்னடத்துக்குப் போனால் அங்கேயும் ப. கொரியத்தில் இந்த ஒழுங்கு இல்லை. புல் பொருந்துகிறது, ஆனால் பல்லுக்கு 'இ', பத்துக்கு 'யொல்', பூவுக்குக் 'கொட்'.

உண்மையான உறவினர்கள் பல நேரம் முகஜாடையே இல்லாமல் இருப்பார்கள். 'சக்ர' என்ற சமஸ்கிருதச் சொல்லுக்கும் ஆங்கில 'வீல்' என்பதற்கும் ஒலியில் என்ன ஒற்றுமை? ஒன்றுமில்லை. ஆனால் இரண்டும் 'க்வெக்வ்லோ' போன்ற ஒரே மூலத்தின் பிள்ளைகள். முதலில் இருந்த க் ஒலி சமஸ்கிருதத்தில் ச ஆனது. ஆங்கிலத்தின் முன்னோர் மொழியில் ஹ ஆகி, பிறகு காற்றோடு போய் வ மட்டும் நின்றது. அதே மூலம் கிரேக்கத்தில் 'குக்லோஸ்' ஆகி, ஆங்கிலம் வழியாக நமக்குச் சைக்கிளாக வந்தது. தெருமுனைக் கடையில் யாராவது "சைக்கிள் வீல் பெண்டு, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கணும்" என்று சொன்னால், அந்த மூன்று சொற்களும் கூடப்பிறந்தவை.