துவக்குக் குழல் தடித்தால் குறி ஏன் திருந்துகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் அனுப்பிய கேள்வி இது. அவருடைய மச்சான் கனடாவின் அல்பேர்ட்டாவில் ஒரு பண்ணையில் வேலை செய்கிறார். வளை தோண்டியும் இளம்பயிரைத் தின்றும் தொல்லை கொடுக்கும் தரை அணில்களை அங்குள்ள பண்ணைக்காரர்கள் தூரத்திலிருந்து சுட்டுக் கட்டுப்படுத்துவது வழக்கம். மச்சானின் துவக்குக் குழல் தேய்ந்துவிட்டது, புதிது போட வேண்டும். வாய்ப்பக்கம் 15 மில்லிமீற்றர் விட்டமுள்ள மெல்லிய குழலா, 22 மில்லிமீற்றர் தடித்த குழலா என்று தொலைபேசியில் யோசனை கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த நம் வாசகருக்கு அதற்குள் இன்னொரு கேள்வி முளைத்துவிட்டது: "உருக்கு ஒன்று, துளை ஒன்று, ரவையும் ஒன்று. வெளியே தடிப்பைக் கூட்டினால் உள்ளே போகிற சன்னத்துக்கு என்ன வந்தது?"

குறி எவ்வளவு சின்னது என்பதை முதலில் பார்ப்போம். வளைக்கு வெளியே நிமிர்ந்து நிற்கும் தரை அணிலின் உடம்பு அகலம் பத்துச் சென்ரிமீற்றருக்குள்தான். 200 மீற்றர் தூரத்தில் சன்னம் ஐந்து சென்ரிமீற்றர் விலகினால் தப்பிவிடும். அந்த விலகலுக்குக் குழல் ஒரு பாகையின் எழுபதில் ஒரு பங்கு திரும்பினால் போதும். மான் வேட்டைக்காரர் கவலைப்படாத ஒன்றுக்கு அணில் சுடுபவர் மண்டையை உடைப்பது இதனால்தான்.

குழல் அசையாப் பொருள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு பக்கம் மட்டும் இறுகப் பூட்டிய கோல். சுடும்போது பின்னுதைப்பு துளையின் நேர்கோட்டில் வருகிறது. அதைத் தாங்கும் தோள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே ஒரு முறுக்கம் பிறந்து குழல் வாயை மேலே தூக்கப் பார்க்கிறது. ரவை (மருந்தும் சன்னமும் சேர்ந்த தோட்டா) கிடக்கும் அறையில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல் ஏறுவதால் உருக்கு முழுவதும் அதிர்வு ஓடுகிறது. இத்தனைக்கும் நடுவே சன்னம் ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிசெக்கனில் குழலை விட்டுப் போய்விடுகிறது.

தடிப்பின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பிளாஸ்ரிக் அடிமட்டத்தை எடுத்து மேசை விளிம்புக்கு வெளியே பாதி நீளும்படி தட்டையாக வைத்துப் பிடியுங்கள். நுனியை விரலால் அழுத்தினால் எளிதாக வளையும். இப்போது அதே அடிமட்டத்தைப் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள். அசையவே அசையாது. நிறை கூடவில்லை, பொருள் மாறவில்லை. அகலம் 30, தடிப்பு 3 மில்லிமீற்றர் என்றால் விறைப்பு நூறு மடங்கு கூடிவிட்டது!

காரணம் இது. ஒரு கோல் வளையும்போது மேற்பக்கம் நீள்கிறது, கீழ்ப்பக்கம் சுருங்குகிறது, நடுவே ஒரு தளம் நீளாமலும் சுருங்காமலும் கிடக்கிறது. அந்த நடுத்தளத்துக்குப் பக்கத்தில் உள்ள பொருள் வளைவை எதிர்ப்பதில் அநேகமாகச் சும்மா இருக்கிறது. தள்ளி இருக்கும் பொருள் இரண்டு விதத்தில் உழைக்கிறது. தூரம் இரட்டித்தால் அது நீளும் அளவும் இரட்டிக்கிறது, ஆகவே எதிர்விசையும் இரட்டிக்கிறது. அந்த விசையின் நெம்புகோல் தூரமும் இரட்டிக்கிறது. இரண்டும் பெருகி நான்கு மடங்கு. இதற்கு மேல், வட்டக் குழலில் விட்டம் கூடும்போது பொருளின் பரப்பும் விட்டத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. வர்க்கத்தை வர்க்கத்தால் பெருக்கினால் நான்காம் அடுக்கு. விட்டம் இரட்டித்தால் விறைப்பு பதினாறு மடங்கு. இந்த நான்காம் அடுக்கை முதன்முதல் கணக்கில் எட்டிப் பார்த்த நாள் தொட்டு, பாலத்தைப் பார்த்தாலும் மூங்கிலைப் பார்த்தாலும் எனக்கு இதுதான் கண்ணில் படுகிறது.

மச்சானின் இரண்டு குழல்களுக்கும் கணக்குப் போடுவோம். வசதிக்காக இரண்டையும் ஒரே சீரான உருளையாக எடுப்போம். துளை 5.7 மில்லிமீற்றர், நீளம் 61 சென்ரிமீற்றர், அதாவது 24 அங்குலம். 15இலிருந்து 22க்குப் போகும்போது நிறை சுமார் 2.3 மடங்கு கூடுகிறது. விறைப்போ 4.7 மடங்கு கூடுகிறது. ஆகவே ஓர் அழகான விளைவு: மெல்லிய குழல் தன் சொந்தப் பாரத்தால் நுனியில் ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் தாழ்ந்து தொங்கும். இரண்டு மடங்குக்கு மேல் பாரமான தடித்த குழல் 0.2 மில்லிமீற்றர் மட்டுமே தாழும். பாரம் கூடியது குறைவாகத் தொங்குகிறது! சுடும்போது வரும் உதைப்புக்கும் இதே கணக்குத்தான். அதே முறுக்கத்துக்குத் தடித்த குழல் குறைவாக வளைகிறது, பாரத்தால் மெதுவாகவும் அசைகிறது.

அப்படியானால் மெல்லிய குழல் குறி தவறுமா? அவசியமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைந்து, சன்னமும் ஒரே கணத்தில் வெளியேறினால், எல்லாச் சன்னமும் ஒரே இடத்துக்குத்தான் போகும். சிக்கல், கணம் ஒன்றாக இருப்பதில்லை. வெடிமருந்து சிறிது கூடிக் குறையும், வேகம் நூற்றுக்கு ஒரு வீதம் மாறினால் வெளியேறும் நேரம் பத்து மைக்ரோசெக்கன் அளவு தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் குழல் வாய் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் குறி சிதறும் அளவு. தடித்த குழல் குறைவாக நகர்வதால் மருந்திலுள்ள பிசகை மன்னிக்கிறது. இந்த அசைவு உதவியும் செய்யலாம். பிரித்தானியப் படையின் லீ-என்ஃபீல்ட் துவக்கில் மெதுவான சன்னம் பிந்தி வெளியேறும்போது வாய் சற்று மேல்நோக்கி இருக்கும். மெதுவான சன்னம் கூடுதலாகத் தாழ்வதை அந்த உயர்வு ஈடுசெய்ய, நெடுந்தூரத்தில் அதன் குறி எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

நீளத்தையும் மறக்கக் கூடாது. விறைப்பு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறு. 24 அங்குலத்தை 20 ஆக வெட்டினால் விறைப்பு 1.7 மடங்கு கூடும். வேகத்தில் செக்கனுக்கு முப்பது மீற்றர் அளவு இழப்பு வரும், அவ்வளவுதான்.

அடுத்தது சூடு. இதை வேகமாகச் சொல்கிறேன், வெப்பக் கொள்ளளவு எல்லோரும் படித்ததுதான். இந்தத் துளைக்குரிய .223 ரக ரவை ஒன்றில் ஏறத்தாழ 1.6 கிராம் மருந்து, ஆறாயிரம் யூல் சக்தி. அதில் நான்கிலொரு பங்கு குழலுக்குள் இறங்குவதாக வைப்போம். உண்மையான குழல்கள் ரவை அறைப் பக்கம் தடித்திருப்பதால், மெல்லியது 1.1 கிலோ, தடித்தது 2.1 கிலோ அளவில் இருக்கும். ஒரு ரவை சுட்டால் மெல்லியதன் வெப்பநிலை மூன்று பாகை ஏறும், தடித்ததில் ஒன்றரைப் பாகை. இருபது ரவை அடுத்தடுத்துச் சுட்டால் ஒன்று 60 பாகை ஏறும், மற்றது 30. தடித்தது ஆறவும் கூடுதல் நேரம் எடுக்கும்.

சூடேறினால் மட்டும் குறி மாறாது. சூடு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால்தான் வினை. மெல்லிய குழலின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஒரே ஒரு பாகை சூடாக இருந்தால், உருக்கின் விரிகையால் அது வளைந்து, 200 மீற்றரில் குறி ஒன்பது, பத்துச் சென்ரிமீற்றர் விலகும். அணில் தப்பிவிட்டது. தடித்த குழலில் இது ஆறரைச் சென்ரிமீற்றர், நான்காம் அடுக்கின் தாராளம் இங்கே கிடைக்காது. சன்னத்தைச் சுழற்றுவதற்காகத் துளைக்குள் சுருள் தவாளிப்பு இடும்போது உருக்கில் தங்கிவிடும் தகைப்பும் (உள்ளிறுக்கமும்) சூட்டில் இதே வேலையைச் செய்யும். தகைப்பை நீக்கும் வெப்பப் பதனிடல் ஒழுங்காக நடந்த மெல்லிய குழல், அது நடக்காத தடித்த குழலைவிட எனக்கு உயர்வு.

வெளியே நீளவாக்கில் தவாளிப்பு வெட்டிய குழல் கூடுதல் விறைப்பு என்று கடைகளில் அடித்துச் சொல்வார்கள். அது பாதி உண்மை. அதே நிறையுள்ள மெல்லிய குழலோடு ஒப்பிட்டால் விறைப்புக் கூடத்தான். வெட்டுமுன் இருந்த அதே குழலோடு ஒப்பிட்டால் குறைவு. மிகவும் உழைக்கும் வெளிப்பொருளைச் சீவி எறிந்துவிட்டு விறைப்பு எப்படிக் கூடும்? குழலைத் திரவ நைதரசனில் அமிழ்த்தினால் குறி திருந்தும் என்பதையும் அளந்து காட்டும்வரை நான் ஏற்கமாட்டேன்.

நம் நாட்டிலும் பயிரழிக்கும் பிராணிகள் பெரும் பிரச்சினை. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்குக் குரங்கு, மயில், மர அணில் எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் நாடு முழுவதும் எண்ணச் சொன்னார்கள். சுடுவதா, பிடிப்பதா, கருத்தடை செய்வதா என்று முடிவெடுக்க ஆண்டுக்கணக்கில் களத்தில் நின்று பார்க்கும் ஆய்வாளர்கள் வேண்டும். ஆராய்ச்சிக்கு மிகச் சொற்பம் ஒதுக்கும் நாட்டில் அது நடக்காது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உருக்கு போன்ற பொருள்களைப் படிக்க ஒரு துறையே இருக்கிறது, பேராதனையில் விலங்கியல் இருக்கிறது. ஆளில்லாத குறையல்ல, காசில்லாத குறை.

மச்சானுக்கு என் பதில்: மேசை போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கச் சுடுபவர் என்றால் வாயில் 20 முதல் 22 மில்லிமீற்றர், நீளம் 22 அங்குலத்துக்குள். வயல் வரப்பில் தோளில் சுமந்து திரிபவர் என்றால் 17, 18 போதும், இரண்டு மூன்று சூட்டுக்கு ஒருமுறை ஆறவிட வேண்டும். தடிப்புக்குத் தயாரிப்பாளர்கள் வைக்கும் இலக்கங்கள் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே இலக்கத்தை நம்பாமல் ரவை அறைப் பக்க விட்டம், வாய் விட்டம், எந்த இடத்திலிருந்து ஒடுங்குகிறது என்ற மூன்றையும் கேட்டு வாங்கட்டும். பழைய பிடிக்கட்டையின் பள்ளத்தில் தடித்த குழல் உட்காராது, பள்ளத்தை அகலமாக்க வேண்டிவரும். பூட்டிய பிறகு குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காசுத்தாளை நுனியிலிருந்து ரவை அறைவரை இழுத்துப் பார்க்கட்டும். எங்காவது சிக்கினால் அந்த இடத்தில் மரம் குழலைத் தள்ளுகிறது, அங்கே இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும்.